பூனைக்கு ஒரு வாசல்

கதவைச் சாத்தி வாழும் ஊர்களில்தான் பூனைக்கென்று தனி வாசல் தேவைப்பட்டது. நம் ஊரின் பழைய வீடுகளில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை. கொல்லைக் கதவு பகல் முழுக்கத் திறந்து கிடக்கும். முற்றத்துக்கு மேலே வானம். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து. பூனை எந்த வழியாக வந்தது, எப்போது போனது என்று யாரும் கவனித்ததில்லை. இங்கிலாந்தில் அப்படி இருக்க முடியாது. அங்கே குளிர்காற்று நுழையாமல் வீட்டை அடைத்து வைப்பதே பெரிய வேலை. கதவு சற்று நேரம் திறந்து கிடந்தால் எரித்த விறகின் சூடு அத்தனையும் வெளியே போய்விடும். ஆனால் அடைத்த வீட்டுக்கும் எலி வரும். எலி வந்தால் பூனை வேண்டும். பூனை வந்துவிட்டால், அது நினைத்தபோது உள்ளே வரவும் நினைத்தபோது வெளியே போகவும் வழி வேண்டும். கதவைத் திறக்காமல் பூனையை மட்டும் விடுவது எப்படி என்ற சிக்கலுக்கு அந்த நாட்டு மக்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்திருக்கிறார்கள். கேட் ஃபிளாப் என்று இன்று கடையில் வாங்கும் பூனைக் கதவு அந்தத் தேடலில் பிறந்தது.

அதன் முதல் உருவம் கதவே அல்ல, வெறும் ஓட்டை. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் அந்த ஓட்டை வருகிறது. மாவு அரைப்பவன் சொல்லும் கதை அது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தச்சரின் வீட்டில் நிக்கலஸ் என்ற மாணவன் குடியிருக்கிறான். ஒரு சூழ்ச்சிக்காக அறையைச் சாத்திக்கொண்டு வெளியே வராமல் கிடக்கிறான். வேலையாள் வந்து கதவைத் தட்டுகிறான், கூப்பிடுகிறான், பதில் இல்லை. பலகையின் அடியில், பூனை வழக்கமாக நுழையும் ஓட்டை அவன் கண்ணில் படுகிறது. குனிந்து அதன் வழியே பார்க்கிறான். உள்ளே நிக்கலஸ் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். இந்த இடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, சாசர் அந்த ஓட்டைக்கு விளக்கமே தரவில்லை என்பதுதான். கேட்பவர்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர முடியாது.

கதையை விட்டுக் கணக்கேட்டுக்கு வருவோம். தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில் எக்சிட்டர் என்ற நகரம். அங்குள்ள பேராலயத்தின் பழைய கணக்குகளில் 1305 முதல் 1467 வரை ஒரு செலவு திரும்பத் திரும்ப வருகிறது. காலாண்டுக்குப் 13 பென்ஸ், ஆலயக் காவலர்களுக்கும் பூனைக்கும். காலாண்டில் பதின்மூன்று வாரம், ஆக வாரத்துக்கு ஒரு பென்னி. மன்னர்கள் மாறினார்கள், போர்கள் நடந்தன, கருஞ்சாவு என்ற கொள்ளைநோய் 1348இல் இங்கிலாந்தில் நுழைந்து மக்களில் பெரும்பங்கைக் கொண்டுபோனது. இவ்வளவுக்கும் நடுவே அந்தச் செலவு கணக்கில் தொடர்ந்தது. பூனையைச் செல்லத்துக்கு வைத்திருக்கவில்லை, வேலைக்கு வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அந்தப் பேராலயத்தின் வடக்குச் சிறகில் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் முகப்பு 1484ஆம் ஆண்டையொட்டி ஆயர் பீட்டர் கோர்ட்னியின் காலத்தில் வந்தது என்பார்கள். நடுவே பூமி, அதைச் சுற்றிச் சூரியனும் நிலாவும் நகரும்படி செய்த பெரிய வட்டம். கோப்பர்னிக்கஸுக்கு முந்திய உலகம் அந்தச் சுவரில் அப்படியே நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து அதைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய இன்னொன்று கீழே இருக்கிறது. கடிகாரத்துக்கு அடியில் ஒரு பழைய மரக்கதவு, அதன் அடிப்பாகத்தில் ஒரு வட்டத் துளை. கடிகாரத்தின் கயிறுகளுக்கு விலங்குக் கொழுப்பைத் தடவினார்கள், அந்த வாடைக்கு எலிகள் வந்தன, எலிகளைப் பிடிக்கப் பூனைக்கு வழி விட்டார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். 1598இல் ஆயரான வில்லியம் காட்டனின் காலத்தில், துளை போட்ட தச்சர்களுக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்ததாகக் கணக்கு உண்டு. உலகிலேயே பழைய பூனைக் கதவு என்று இதைக் காட்டுவார்கள். இதைவிடப் பழைய துளைகள் எத்தனையோ கதவுகளோடு விறகாகிப் போயிருக்கும் என்பதால், மிஞ்சியவற்றில் பெயர்பெற்றது என்று சொல்வதே பொருத்தம்.

எக்சிட்டரோடு இது நிற்கவில்லை. ஸ்பெயினிலும் பிரான்சிலும் பழைய கிராம வீடுகளின் கதவுகளிலும் தானியக் கிடங்குகளிலும் இதே துளையை இன்றும் பார்க்கலாம். தானியம் சேர்த்து வைக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பூனை. மனிதனும் பூனையும் சேர்ந்த கதையே வேளாண்மை தொடங்கிய காலத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லறையில் மனிதரின் அருகிலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். கதவில் துளை போட்ட கைகள் அந்தப் பழைய உடன்பாட்டைத்தான் மரத்தில் எழுதிவைத்தன.

பூனைக் கதவைக் கண்டுபிடித்தவர் ஐசக் நியூட்டன் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. இருட்டறையில் ஒளியை வைத்து அவர் சோதனை செய்துகொண்டிருந்தபோது பூனை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும், அதனால் கதவில் துளை போட்டார் என்பது ஒரு வடிவம். தாய்ப்பூனைக்குப் பெரிய துளை, குட்டிக்குச் சின்னத் துளை என்று இரண்டு போட்டார், தாய் போன வழியிலேயே குட்டியும் போகும் என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை என்பது இன்னொரு வடிவம். பெரிய அறிவாளிக்குச் சின்ன விஷயம் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்வதில் மக்களுக்கு ஒரு மகிழ்ச்சி. 1827இல் கேம்பிரிட்ஜ் வாழ்க்கையைப் பற்றித் தன் நினைவுகளை எழுதிய ரைட் என்ற பழைய மாணவர், கதை மெய்யோ பொய்யோ, நியூட்டன் இருந்த டிரினிட்டி கல்லூரியில் அந்தக் கதவில் அடைத்த இரண்டு துளைகள் இருப்பது மட்டும் உண்மை என்று எழுதிவைத்தார்.

ஆனால் நியூட்டனுடன் 1680களில் ஐந்தாண்டு கூடவே இருந்து அவருக்கு எழுத்தராக வேலை பார்த்தவர் ஹம்ஃப்ரி நியூட்டன். பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவுக்காரர் அல்லர். நியூட்டன் இறந்தபின் அவர் எழுதிய கடிதத்தில், அறையில் நாயும் வளர்க்கவில்லை, பூனையும் வளர்க்கவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நியூட்டன் பிறப்பதற்கு முன்பே எக்சிட்டரில் துளை போட்டாயிற்று, சாசரோ அவருக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு மூத்தவர். இந்தக் கதையை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு மேதையின் பெயரை ஒட்டிவிட்டால், பெயர் தெரியாத தச்சர்கள் செய்த வேலை மறைந்துபோகிறது. எட்டு பென்ஸ் வாங்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் இந்தப் பெருமை சேரும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பூனையின் வேலை போயிற்று. தானியம் வீட்டைவிட்டுக் கடைக்குப் போய்விட்டது. 1948இல் வார்ஃபரின் எலி மருந்தாக வந்தது. பூனை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது, இம்முறை குடும்பத்தில் ஒருவராக. அப்போது அமெரிக்காவும் பிரிட்டனும் இரண்டு வழியாகப் பிரிந்தன. 1947இல் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகள்களைப் பூனையின் கழிவுத் தட்டுக்கென்று விற்கத் தொடங்கினார். அதுவரை சாம்பலையும் மணலையும் கொட்டி அவதிப்பட்டவர்களுக்கு அது பெரிய விடுதலை. பூனையை வெளியே விடாமலே வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. கயோட்டி ஓநாய்கள் திரியும் நாட்டில் அது பாதுகாப்பும்கூட. இன்று அமெரிக்காவில் பெரும்பாலான பூனைகள் வீட்டுக்குள்ளேயே வாழ்கின்றன. பிரிட்டனில் கயோட்டி கிடையாது, வீட்டுக்குப் பின்னால் வேலியடைத்த சிறு தோட்டம் உண்டு, பூனை வெளியே போய்வருவது அதன் பிறப்புரிமை என்ற எண்ணம் ஆழமாக இருந்தது. அதனால் அங்கே சமையலறைப் பின்கதவில் பிளாஸ்டிக் ஃபிளாப் வந்தது. மேலே கீல், கீழே காந்தப் பட்டை, ஓரத்தில் காற்றை அடைக்க மயிரிழை. தலையால் முட்டினால் திறக்கும், போனபின் தானாகத் தொங்கி ஒட்டிக்கொள்ளும். நான்கு நிலைக்குத் திருப்பக்கூடிய பூட்டும் வந்தது: இரு பக்கமும் திறக்கலாம், உள்ளே மட்டும் வரலாம், வெளியே மட்டும் போகலாம், முழுதாகப் பூட்டலாம்.

இத்தனை வந்தும் ஒன்று மட்டும் தீரவில்லை. உங்கள் பூனை முட்டினால் திறக்கும் கதவு பக்கத்து வீட்டுப் பூனை முட்டினாலும் திறக்கும். எலிக்காகத் துளை போட்ட காலத்தில் இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. எந்தப் பூனை எலியைப் பிடித்தால் என்ன? இப்போதோ உள்ளே தட்டில் உணவு காத்திருக்கிறது. அதைவிடப் பெரியது இட உரிமை. பூனை தன் எல்லையை மணத்தால் குறித்து வைத்து வாழும் பிராணி. தான் தூங்கும் அறைக்குள் அந்நியப் பூனை வந்து போனால் அது நிலைகுலைந்துவிடும். சுவரோரம் சிறுநீர் தெளிக்கும், சாப்பாட்டைக் குறைக்கும், கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்கிப் பூனைகள் அவதிப்படுவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். பூனைக்குச் சேட்டை அதிகமாகிவிட்டது என்று வீட்டுக்காரர் திட்டிக்கொண்டிருப்பார். அது தன் வீட்டில் தானே அகதியாகியிருக்கும்.

முதலில் காந்தத்தை நம்பினார்கள். கழுத்துப் பட்டையில் சிறு காந்தத்தைத் தொங்கவிட்டால் அது கதவின் கொக்கியை இழுத்துத் திறக்கும். ஆனால் காந்தத்துக்கு ஆளை அடையாளம் தெரியாது. எதிர்வீட்டுப் பூனைக்கும் அதே காந்தம் இருந்தால் அதற்கும் கதவு திறக்கும். தோட்டத்து ஆணியும் குண்டூசியும் கழுத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அகச்சிவப்புச் சாவி, தனி எண் கொண்ட வில்லை என்று அடுத்தடுத்து வந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்துப் பட்டையே ஆதாரம். பூனைக்கு நல்ல பட்டை என்பது கிளையில் மாட்டினால் தானே கழன்று விழ வேண்டிய ஒன்று. விழாவிட்டால் பூனை தொங்கிச் சாகும், விழுந்தால் சாவி தொலையும். இந்த முரண்பாட்டைப் பட்டையை வைத்துக்கொண்டு தீர்க்கவே முடியாது.

தீர்வு பூனையின் தோலுக்கு அடியில் முன்பே இருந்தது. தொலைந்த பிராணியை அடையாளம் காணக் கால்நடை மருத்துவர்கள் தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் செலுத்தும் மைக்ரோசிப் அது. சற்றே நீண்ட அரிசி மணி அளவுதான். மின்கலம் கிடையாது. வெளியிலிருந்து படிப்பான் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும்போது, சிப்பின் சுருள் அதிலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொண்டு தன் பதினைந்து இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். உலகில் வேறெந்தப் பிராணிக்கும் அந்த எண் இருக்கக் கூடாது என்பது அதன் விதி. கழன்று விழாத சாவி பூனையின் உடலிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த கதவுதான் அப்போது இல்லை.

அந்தக் கதவைச் செய்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த நிக் ஹில் என்ற இயற்பியலாளர். அவர் வளர்த்த பூனையின் பெயர் ஃபிளிப்பர். அண்டை வீட்டுப் பூனைகள் வீட்டுக்குள் புகுந்து தொல்லை கொடுத்ததில்தான் யோசனை பிறந்தது. 2007இல் ஷ்யூர்ஃபிளாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், அடுத்த ஆண்டே மைக்ரோசிப் பூனைக் கதவு கடைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் இயற்பியலாளருக்கும் பூனைக் கதவுக்கும் உண்மையான உறவு ஏற்பட்டது இப்போதுதான்.

வேலை சுலபமாக இல்லை. மருத்துவரிடம் உள்ள படிப்பானைக் கையில் எடுத்துப் பொத்தானை அழுத்தி, பூனையின் முதுகில் வைத்து ஒரு நொடி படித்துவிட்டு வைத்துவிடலாம். கதவு இரவும் பகலும் காத்திருக்க வேண்டும். படிப்பான் எந்நேரமும் அலையை வீசிக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் கதவைத் தூங்க வைத்தார்கள். பூனை நுழைகுழாய்க்குள் தலையை நீட்டியதும் ஓர் உணரி அதைக் கண்டு படிப்பானை எழுப்பும். எண் தெரிந்த எண்ணாக இருந்தால் டக்கென்று கொக்கி விலகும், இல்லாவிட்டால் கதவு அசையாது. நான்கு பென்டார்ச் பேட்டரியில் ஓராண்டு வரை ஓடும். குழாயின் நீளத்துக்கும் காரணம் உண்டு. மூக்கு ஃபிளாப்பைத் தொடும் நேரத்தில் தோள்பட்டை குழாயைச் சுற்றிய சுருளுக்கு அடியில் வந்து நிற்க வேண்டும். சில பூனைகளுக்கு சிப் தோளிலிருந்து நழுவிப் பக்கவாட்டில் இறங்கியிருக்கும். அப்போது கதவு தயங்கும். கதவை வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் போய்ச் சிப் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி அதைப் பொருத்தும் வேலைக்கு வருவோம். எக்சிட்டர் தச்சர்களுக்கு ஓர் உளியும் ரம்பமும் போதுமாக இருந்திருக்கும். இன்றைய கதவு எந்தப் பொருளால் ஆனது என்பதை வைத்தே பாதி வேலை முடிவாகிறது.

மரக்கதவு என்றால் ஒரு பிற்பகல் போதும். முதலில் பூனையை நிற்கவைத்துத் தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். ஃபிளாப்பின் கீழ்விளிம்பு அந்த உயரத்தில் இருந்தால் பூனை குனியவும் வேண்டாம், தாவவும் வேண்டாம், நடந்தே போய்விடும். உள்ளே மட்டும் அளந்தால் போதாது. வெளிப்பக்கத் தரை ஒரு படி தாழ்வாக இருப்பது வழக்கம். வயதான பூனைக்கு அந்தப் பள்ளம் இடுப்பில் வலிக்கும், வெளியே ஒரு செங்கல் மேடை போட்டுக்கொடுக்க வேண்டும். பெட்டியோடு வரும் தாள் அச்சைக் கதவில் ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம். ஷ்யூர்ஃபிளாப்பின் சாதாரண மாதிரிக்கு 165 மில்லிமீட்டர் அகலம், 171 மில்லிமீட்டர் உயரம் வெட்ட வேண்டும். நான்கு மூலையிலும் டிரில்லால் துளையிட்டு, அந்தத் துளையில் ஜிக்சா பிளேடை இறக்கி ஒவ்வொரு பக்கமாக அறுக்க வேண்டும். கோட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டு அறுத்தால் பெயின்ட் சிலும்பாது. விளிம்பை அரத்தால் தேய்த்து, வெட்டுவாயில் ஒரு கை பெயின்ட் அடித்துவிட வேண்டும். பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள், இரண்டு மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பி, சட்டத்தைப் பிதுக்கித் தள்ளும்.

உள்ளே கூடான கதவு என்றால் அறுத்தபின் நடுவில் காலியிடம் தெரியும். அந்த இடத்தில் மரச்சட்டம் கொடுத்து இறுக்காமல் ஸ்க்ரூவை முடுக்கினால் இரு பக்கப் பலகையும் உள்ளே வளைந்துவிடும். யுபிவிசி பிளாஸ்டிக் கதவின் அடிப்பலகையை அறுப்பது வெண்ணெய் வெட்டுவதுபோல் எளிது, ஆனால் சிலவற்றின் உள்ளே உலோகத் தகடு இருக்கும். உலோகம் அருகில் இருந்தால் சுருளின் அலை குலையும். அதற்கு அகலமாக வெட்டி, இடையில் பிளாஸ்டிக் வளையம் கொடுத்துப் பூனைக் கதவை உலோகத்திலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். சுவரில் பொருத்துவதானால் குழாயை நீட்டிக்கொண்டே போகலாம். இங்கிலாந்துச் சுவர்கள் பல நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர்கள் என்பதால், அந்த இடைவெளிக்குள் மழைநீர் வழியாதபடி குழாயைச் சுற்றி நன்றாக அடைப்பது அவசியம்.

கண்ணாடிக் கதவில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வீட்டில் நிற்கும் கண்ணாடியில் ஆள் வந்து வட்டமாக வெட்டித் தருவார் என்று நினைக்கிறார்கள். பிரிட்டனில் கதவுகளில் தரையிலிருந்து 1500 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது கட்டட விதி. பெரும்பாலும் அது டஃபன்டு கண்ணாடி. கண்ணாடியை 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு முகத்திலும் காற்றை வீசி வேகமாகக் குளிரவைத்து அதைச் செய்கிறார்கள். வெளித்தோல் இறுகி அமுங்கும், உள்வயிறு இழுபட்டு நிற்கும். இந்த இரண்டின் சமநிலையில்தான் அதன் வலிமை இருக்கிறது. வெட்டும் கருவி அதைக் கீறிய நொடியில் மொத்தமும் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். ஆகவே துளையை முதலில் போட்டுவிட்டு அதன்பிறகே கண்ணாடியை டஃபன் செய்ய வேண்டும். அளவெடுத்துக்கொண்டு போய், 212 மில்லிமீட்டர் வட்டத் துளையோடு புதிய இரட்டைக் கண்ணாடியையே செய்து வாங்க வேண்டும். பூனைக் கதவின் விலையைவிட அந்தக் கண்ணாடியின் விலை அதிகமாகிவிடுவது உண்டு. அடுக்குமாடி வீட்டின் முன்கதவும், காரேஜுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவும் தீத்தடுப்புக் கதவுகள். அவற்றில் துளை போட்டால் தீயைத் தடுக்கும் சக்தியே போய்விடும், அங்கே பூனைக் கதவைப் பற்றி நினைக்கவே கூடாது.

பொருத்தி முடித்ததும் பொத்தானை அழுத்திவிட்டுப் பூனையை ஒருமுறை போகவிட்டால் கதவு அதன் எண்ணைக் கற்றுக்கொள்ளும். முப்பத்திரண்டு பிராணிகள் வரை நினைவில் வைக்கும். பூனை கதவைக் கற்றுக்கொள்வதுதான் தாமதமாகும். சில நாள் ஃபிளாப்பை டேப்பால் தூக்கி ஒட்டி வைத்து, வெறும் ஓட்டையாகவே பழகவிட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். பூனையைப் பிடித்து உள்ளே தள்ளுவது கூடவே கூடாது. ஒருமுறை பயந்துவிட்டால் அந்தப் பக்கமே வராது. கொக்கி விலகும் சத்தத்துக்கே மிரளும் பூனைகள் உண்டு. வெளிப்பக்கம் இரண்டு பூந்தொட்டிகளை வைத்துக்கொடுப்பது பெரிய உதவி. குழாயிலிருந்து தலை நீட்டும் நொடிதான் பூனைக்கு மிக ஆபத்தான நொடி, எதிரி பதுங்கிக் காத்திருக்கலாம். மறைவிலிருந்து வெளியே பார்த்துவிட்டு இறங்க ஓர் இடம் கிடைத்தால் அதற்குத் துணிவு வரும். உள்ளே சாப்பாட்டுத் தட்டை அந்தக் கதவுக்கு எதிரே வைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

சட்டமும் இப்போது இந்தக் கதவின் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் இருபது வாரம் நிறைந்த எல்லா வளர்ப்புப் பூனைகளுக்கும் மைக்ரோசிப் கட்டாயம். இல்லையென்று தெரிந்தால் 21 நாள் அவகாசம் தருவார்கள், அதற்குப் பிறகும் செய்யாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். தொலைந்த பூனைகளை வீடு சேர்ப்பதற்காக வந்த சட்டம் ஒவ்வொரு பூனைக்கும் ஒரு சாவியைக் கொடுத்திருக்கிறது.

யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்ட கதவு அடுத்ததாக, வாயில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறது. அமேசானில் வேலை பார்த்த பென் ஹாம் 2019இல் சியாட்டில் மேடையொன்றில் தன் பூனை மெட்ரிக்கின் கதவைப் பற்றிப் பேசினார். கதவுக்கு வெளியே ஒரு கேமரா. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல் ஒன்று, பூனை வாயில் இரையோடு வருகிறதா என்று பார்க்கும். இரை இருந்தால் கதவு பதினைந்து நிமிடம் பூட்டிக்கொள்ளும், பறவைகளைக் காக்கும் ஆடுபான் சங்கத்துக்கு அவர் கணக்கிலிருந்து நன்கொடையும் போகும். 2024 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் சுவிட்சர்லாந்தின் ஃபிளாப்பி நிறுவனம் இதே வேலையைச் செய்யும் கதவை விற்பனைப் பொருளாகவே காட்டியது. எலியைப் பிடிப்பதற்காகப் பூனைக்குத் திறந்துவிட்ட வழி, எலியைப் பிடித்ததற்காகவே பூனைக்கு அடைபடுகிறது. நடுவில் பூனை மாறவில்லை, அதே வேட்டைக்காரன்தான். மாறியது நாம் அதனிடம் எதிர்பார்ப்பது.

விடியற்காலை மூன்று மணிக்குப் பாதி உயிரோடு ஒரு சுண்டெலியைப் படுக்கையறையில் கொண்டுவந்து விட்டதை அனுபவித்தவர்கள் இந்தக் கதவை வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பறவைக்காகத்தான் வாங்குகிறோம் என்றால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கேமரா இரையைப் பார்க்கும் நேரத்தில் பறவை செத்திருக்கும். கதவு காப்பாற்றுவது நம் தரைவிரிப்பை மட்டும்தான். எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்மேற்கு இங்கிலாந்தில் 219 வீடுகளின் 355 பூனைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. தானியம் சேர்க்காமல் இறைச்சிப் புரதம் அதிகமாக உள்ள உணவைக் கொடுத்த வீடுகளில், பூனைகள் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. கழுத்தில் கட்டிய மணியால் குறிப்பிடும்படியான பயன் தெரியவில்லை. பளிச்சென்ற நிறத்துணி மாட்டிய பட்டை, பறவைகளை மட்டும் 42 சதவீதம் குறைத்தது. பெரிய செலவு இல்லாமல், தினமும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் குச்சியில் இறகைக் கட்டிப் பூனையை ஓடவிட்டுத் துரத்தவைத்து, கடைசியில் அதைப் பிடிக்கவும் விட்டவர்களின் வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. கேமராக் கதவுக்குக் காசு சேர்க்கிறவர்கள் முதலில் இந்த இறகை வாங்கட்டும். மாலை ஆனதும், பூனை வேட்டைக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பாக விளையாடினால் இன்னும் நல்லது.